நோட்டில் எழுதாத ஆள்

என் கதாநாயகர்களுக்கு முகம் கிடையாது. பதினாறு, பதினேழு வயதுப் பெண்பிள்ளைகள் செல்போனில் வாரம் இரண்டு அத்தியாயமாகப் படிக்கிற காதல் கதைகளை எழுதிப் பிழைக்கிறவள் நான். அந்தப் பிள்ளைகளுக்கு ஹீரோ என்றால் உயரம், கண், மீசை, சட்டையின் நிறம் எல்லாம் வேண்டும். "அக்கா, இருபது அத்தியாயம் ஆச்சு, அவன் கறுப்பா சிவப்பான்னே தெரியல" என்று கமெண்டில் வந்து திட்டுவார்கள். ஹீரோ வருவதற்குள் இரண்டு பக்கத்துக்குக் கடலையும் காற்றையும் வர்ணித்து உயிரை வாங்குகிறேன் என்பது இன்னொரு புகார். சென்னையில் ஒரு வாசகர் சந்திப்பில் ரெட்டை ஜடைக்காரி ஒருத்தி மைக்கைப் பிடித்து, "உங்க எழுத்துக்கு இன்ஸ்பிரேஷன் யாருக்கா?" என்றாள். "நீங்கதான்மா" என்று பல்லைக் காட்டினேன். எல்லோரும் கை தட்டினார்கள். பச்சைப் பொய். காட்டிய பல்லில் முன்பல் இரண்டும் கட்டிய பல் என்பதும் அவர்களுக்குத் தெரியாது.

என் எழுத்துக்குக் காரணம் என் அண்ணன் கையில் இருந்த ஒரு பழைய லாரி ஃபேன் பெல்ட்.

எங்கள் ஊர் செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டை ஒட்டியது. அப்பா நிலத்தில் பாதியை பிளாட் போடுகிறவர்களுக்கு விற்றுவிட்டு இரண்டு டிப்பர் லாரி வாங்கியிருந்தார். எட்டாவதோடு படிப்பை நிறுத்திய அண்ணன் ஒன்றை ஓட்டினான். அக்காவுக்கு மாமல்லபுரத்துப் பக்கம் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் வேலை. நான் பிளஸ் ஒன். அந்த ரிசார்ட்டின் கிச்சனுக்கு மீன் கொண்டுவந்து போடுகிறவரை அக்கா விரும்பினாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்துக்காரர். குட்டையானவர், எண்ணெய் வைத்துப் படிய வாரிய முடி, சோடாபுட்டிக் கண்ணாடி. எந்தக் கதையிலும் அவரை ஹீரோவாகப் போட முடியாது. ஆனால் கொல்லையில் துணி அலசிக்கொண்டே அக்கா அவரைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் எனக்குக் காது சுடும். எங்கள் வீட்டில் இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வெளியே சொல்லாமல் இருக்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான் என்று அக்கா நம்பினாள்.

வெளியே சொல்லவில்லை. எழுதினேன்.

லாங் சைஸ் நோட்டு ஒன்றில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதி வகுப்பில் விடுவேன். ஒருத்தி வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு மறுநாள் அடுத்தவளிடம் கொடுக்க வேண்டும். நோட்டின் கடைசிப் பக்கங்கள் அவர்களுக்கு. 'சண்டை சீன் வேண்டும்', 'அவள் புடவை கட்டணும்', 'சீக்கிரம் கிஸ்' என்று அங்கே ஆர்டர் எழுதி வைப்பார்கள். நான் புத்திசாலித்தனமாக எல்லாவற்றையும் மாற்றிவிட்டதாக நினைத்திருந்தேன். அக்கா சென்னைக் கல்லூரிப் பெண் ஆகிவிட்டாள். மீன்காரர் கம்பெனி இன்ஜினியர் ஆகிவிட்டார். பெயர்கள் வேறு. ஆனால் இரண்டை மாற்றவில்லை. ஒன்று, அக்காவின் இடது கன்னத்தில் அப்பளம் பொரித்தபோது எண்ணெய் தெறித்த வடு. அது எனக்குப் பிடிக்கும், அதனால் கதாநாயகிக்கும் கொடுத்தேன். இன்னொன்று, அவர்கள் சந்திக்கிற நாள். அந்தக் குப்பத்தில் வெள்ளிக்கிழமை அம்மனுக்கு. யாரும் வலையை நனைக்க மாட்டார்கள். அதனால் அவருக்கு வெள்ளிக்கிழமை ஓய்வு, அக்காவுக்கு அன்று மதிய ஷிப்ட். காலையில் சவுக்குத்தோப்பு. நானும் கொஞ்சம்கூட யோசிக்காமல் என் இன்ஜினியருக்கு வாராவாரம் வெள்ளிக்கிழமை லீவு விட்டிருந்தேன்.

படித்த இருபது பெண்களில் ஒருத்திக்கும் அது உறைக்கவில்லை. ஒருத்தியின் அண்ணனுக்கு உறைத்தது. அவனும் டிப்பர் ஓட்டுகிறவன், என் அண்ணனின் சிநேகிதன். தங்கச்சி மேஜையில் கிடந்த நோட்டைப் புரட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை அதை எங்கள் வீட்டுக்கே கொண்டுவந்தான். வாசலில் நின்று அவன் சொன்னது எனக்கு அடுப்படி வரைக்கும் கேட்டது.

"எந்தக் கம்பெனில மச்சான் இன்ஜினியருக்கு வெள்ளிக்கெழம லீவு வுட்றான்? வெள்ளிக்கெழம கடல் தொழிலுக்குப் போவாம குந்திகினு இருக்கறவன் யாரு? கன்னத்துல வடு வேற எழுதிகீது. எனுக்கு இன்னாவோ டவுட்டா கீது, அதான் கொண்டாந்தேன்."

அடுப்பில் கறிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா அதைக் கிண்டுவதை நிறுத்தவில்லை. அதற்குப் பிறகு நடந்த எல்லாவற்றின்போதும் கரண்டிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இதற்காக அம்மாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அண்ணன் அக்காவை முடியைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துப் போனான். மோட்டார் ஷெட்டில் கழற்றிப் போட்டிருந்த ஃபேன் பெல்ட்டை எடுத்தான். அப்பா அவள் இரண்டு கையையும் பின்னால் மடக்கிப் பிடித்துக்கொண்டார். என்னைத் துணி துவைக்கிற கல்மேல் ஏறி நிற்கச் சொன்னார்கள். நோட்டை என் கையில் கொடுத்து, "படி" என்றான் அண்ணன். என் கையெழுத்தை அவனால் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்க முடியாது. அப்பாவுக்கோ பக்கத்துப் பார்வை போய்விட்டது. எழுதியவளே வாசிக்க வேண்டும்.

முதல் அத்தியாயத்தை வாசித்தேன். 'அவன் சிரித்தான்' என்று வந்தது. பெல்ட் விழுந்தது. 'அவன் அவளைப் பார்த்தான்.' பெல்ட். அக்கா முதல் அடிக்குக் கத்தினாள், இரண்டாவது அடிக்குக் கத்தினாள், மூன்றாவது அடியில் சத்தம் வராமல் வாய் மட்டும் திறந்தது. ரப்பர் பெல்ட் அடித்த இடம் உடனே சிவக்காது. முதலில் வெளுக்கும், பிறகு கறுக்கும். நைட்டியின் தோள் பிய்ந்து தொங்கியது. நான் அழுதுகொண்டே வாசித்தேன். நிறுத்தினால் அதற்கும் ஒரு அடி அவளுக்கே விழுந்தது.

நாலாவது அடியிலோ ஐந்தாவது அடியிலோ எனக்கு ஒன்று புரிந்தது. அவன் வருகிற வரியில்தான் அடி விழுகிறது. அவன் வராத வரியில் பெல்ட் சும்மா இருக்கிறது. அடுத்த வரியில் 'அவன்' இருந்தது. அதை வாசிக்காமல் கடலைப் பற்றிச் சொன்னேன். நோட்டில் கடல் இல்லை. அலை வந்தது, போனது, நுரை மணலில் வடிந்தது, சவுக்கு இலைகள் காற்றில் உராய்ந்தன, தூரத்தில் ஒரு படகு, அதற்கும் தூரத்தில் இன்னொரு படகு என்று வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். தாளில் விரலை ஓட்டினேன், படிக்கிறேன் என்று நம்பட்டும் என்று. அக்கா மூச்சு வாங்கிக்கொண்டாள். நான் எழுத்தாளர் ஆனது அந்தக் கல்லின்மேல்தான். கடல் வர்ணனை போரடிக்கிறது என்று எழுதுகிற பெண்ணே, உனக்கு இதை எப்படி விளக்குவேன்?

அண்ணன் பொறுமையிழந்தான். "கடலு மயிரு எல்லாம் போதும். இன்ஜினியருன்னு வேஷம் கட்னதும் போதும். நெசமான ஆளு யாரு, எந்தக் குப்பம்? எங்கியாவது எழுதி வச்சிகிறியா?"

உண்மை நோட்டில் இருந்தது. எட்டாவது அத்தியாயத்தில் மாமல்லபுரத்துக்குத் தெற்கே சவுக்குத்தோப்பு என்று தெளிவாகவே எழுதியிருந்தேன். கடைசி அத்தியாயத்தில், வருகிற வியாழக்கிழமை கோவிலில் வைத்துத் தாலி கட்டிக்கொள்வது என்று அக்கா எனக்குச் சொன்னதும் இருந்தது. இந்த இரண்டும் இவர்கள் காதில் விழுந்தால் அவர் பிணமாவார், இவள் தூக்கில் தொங்குவாள், அல்லது தொங்கவிடப்படுவாள். சிநேகிதன் பாதிவரைக்கும்தான் படித்திருந்தான் என்பது அண்ணன் பேச்சிலேயே தெரிந்தது.

"பின்னாடி இருக்கு" என்றேன். "குறிப்பு மாதிரி எழுதியிருக்கேன்."

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். 'சீக்கிரம் கிஸ்' என்று சிவப்பு இங்க்கில் யாரோ எழுதியிருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு முட்டுக்காடு என்று வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் சுற்றுலா கூட்டிப்போய்ப் படகில் ஏற்றிய இடம். மாமல்லபுரத்தை விட்டால் கடற்கரையில் எனக்குத் தெரிந்த வேறு ஊர் இல்லை, தூரமும் அதிகம். பாலத்துக்குப் பக்கத்தில், உப்பங்கழியில் வலை வீசுகிற ஆள் என்றேன். ஆள் எப்படி இருப்பான் என்று கேட்டான். குட்டைக்கு உயரம், படிந்த முடிக்குச் சுருட்டை, கண்ணாடிக்குப் பதில் ஒற்றைக் காதில் வெள்ளிக் கடுக்கன். மீன்காரருக்கு, பின்னாளில் எனக்கு மாமாவானவருக்கு, நேரெதிராக ஒருவனை வரிவரியாகச் செய்து நிறுத்தினேன். காலையில் முழங்கால் தண்ணீரில் நிற்பான் என்றும் சொன்னேன். அவ்வளவு நன்றாக நான் இன்றுவரை எந்த ஹீரோவையும் வர்ணித்ததில்லை.

தரையில் கிடந்த அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். உடனே புரிந்துகொண்டாள். "ஐயோ, அதப் படிக்காதடி! அவர ஒண்ணும் பண்ணாதீங்க!" என்று கதறி அண்ணன் காலைப் பிடித்தாள். அண்ணனுக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை காலை அப்பாவும் அண்ணனும் அந்தச் சிநேகிதனும் இன்னும் இரண்டு பேரும் ஜாக்கி ராடு, கட்டையெல்லாம் எடுத்துக்கொண்டு ஒரு வேனில் கிளம்பினார்கள். வேன் தார்ரோட்டில் ஏறியதும் அக்காவைப் பூட்டியிருந்த அறையைத் திறந்தேன். அவளால் நிமிர்ந்து நடக்க முடியவில்லை. சர்ட்டிபிகேட் ஃபைலை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, என் யூனிஃபார்ம் துப்பட்டாவால் கழுத்தை மூடிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனாள். அம்மா பார்த்தாள். உள்ளே போய் அரிசி களைந்தாள்.

மத்தியானம் அவர்கள் திரும்பினார்கள். அண்ணன் நேராகப் பம்பு செட்டுக்குப் போய்க் கை கழுவினான். நல்ல குஷியில் இருந்தான். "நோட்ல இருந்தாப்லயே இருந்தான்மா" என்று அம்மாவிடம் சத்தமாகச் சொன்னான். "சுருட்ட முடி, ஒத்தக் காதுல கடுக்கன், தண்ணிலயே நின்னுகினு இருந்தான். எங்க வூட்டுப் பொண்ணு கேக்குதாடா ஒனுக்குன்னு போட்டோம். வலத கை மூணு எடத்துல போச்சி. இன்னமே வலய தூக்கமாட்டான்."

அப்படி ஒருவன் இருக்கிறான் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். அவனைக் கொல்லையில் கல்மேல் நின்று நான் உண்டாக்கினேன், அவன் அங்கே தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். இந்தக் கடற்கரையில் சுருட்டை முடியும் கடுக்கனும் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று நான் யோசிக்கவே இல்லை. அதற்குள் அறை காலியாக இருப்பதை அப்பா பார்த்துவிட்டார். அண்ணன் என் முகத்தைத் துவைக்கிற கல்லில் மோதினான். பற்கள் போனது அப்போதுதான். வலியைவிட, வாய்க்குள் உடைந்த பல் உருண்டதுதான் நினைவில் இருக்கிறது.

அக்கா பிழைத்தாள். வியாழக்கிழமை தாலி கட்டி, போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வைத்து, ஊரப்பாக்கத்தில் வீடு பிடித்தார்கள். மாமா கடலை விட்டுவிட்டு ஒரு குளிர்பதன மீன் கடையில் சேர்ந்தார். முதல் பிள்ளை பிறந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் அப்படித்தான் ஆகும். வெட்டுவேன் குத்துவேன் என்றவர்கள் பேரப்பிள்ளையைப் பார்த்ததும் இளித்துக்கொண்டு தொட்டில் சீர் எடுத்துப் போவார்கள். நான் அக்காவிடம் முட்டுக்காட்டு ஆளைப் பற்றி ஒரே ஒரு தடவை பேசினேன். "அவங்க யாருன்னே நமக்குத் தெரியாது. நீ ஏன் அதையே புடிச்சிகினு தொங்கற?" என்று சொல்லிவிட்டு சமையலறைக்குள் போய்விட்டாள். அவள் சிரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

நான் கல்லூரி முடித்துவிட்டுச் செல்போனில் கதை எழுத ஆரம்பித்தேன். ஹீரோவுக்கு முகம் எழுத உட்கார்ந்தால் விரல் நின்றுவிடும். எழுதினால் அந்த முகத்தோடு எங்காவது ஒருவன் நின்றுகொண்டிருப்பான், யாராவது கட்டையோடு கிளம்பிவிடுவார்கள் என்று தோன்றும். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் ஒரு தடவை நடந்திருக்கிறதே.

போன தை மாதம் அக்காவின் சின்னப் பெண்ணுக்குக் காது குத்து. முறைப்படி தாய்மாமன் மடியில் உட்கார வைத்தார்கள். பெல்ட்டைப் பிடித்த அண்ணனின் அதே கை குழந்தையின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டது. குழந்தை வீரிட்டபோது அண்ணனின் கண்ணில் தண்ணீர் முட்டியது, நிஜமாகவே. பிறகு பந்தியில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இலைக்குக் கறியை அள்ளிப் போட்டுக்கொண்டே சொன்னான்: "ஒன்ன தேடிப் போயி எவனயோ போட்டு வந்தோமே மச்சான், அத நெனச்சா இப்பவும் சிரிப்பா வருது. அவன் பாவம், எந்தப் பொண்ணுண்ணா, எந்தப் பொண்ணுண்ணான்னு கேட்டுகினே அடி வாங்கினான்." பந்தியே சிரித்தது. மாமா சிரித்தார், அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று இங்கே எழுதினால் நன்றாக இருக்கும். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு எழுந்து போய்க் குழாயடியில் வாந்தியெடுத்தேன்.

மறுநாள் காலை ஈசிஆர் பஸ் பிடித்தேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்த ஆளிடம் நான்தான் என்று சொல்ல வேண்டும். அவர் திட்டட்டும், அடிக்கட்டும், போலீசுக்குப் போகட்டும். பன்னிரண்டு வருஷம் சொல்லாமல் இருந்தாகிவிட்டது, இதற்குமேல் என்னால் முடியாது.

முட்டுக்காட்டில் நண்டு விற்கிற ஒரு அம்மாவிடம், முன்னே வலை வீசிக்கொண்டிருந்த, கை ஒடிந்தவர் என்று விசாரித்தேன். "அண்ணாத்தயா? அதோ கார் நிக்கிற எடத்துல டோக்கன் குடுத்துகினு கீறாரு பாரு" என்றாள். சுருட்டை முடி எதுவும் இல்லை, முன் வழுக்கை. காதில் தூர்ந்துபோன துளை மட்டும் இருந்தது. வலது கை முழங்கைக்குக் கீழே கோணிப்போய் வயிற்றோடு ஒட்டியிருந்தது. டோக்கனைப் பல்லால் கிழித்து இடது கையால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, பன்னண்டு வருஷம் முன்னாடி உங்களை அடிச்சாங்களே..." என்று ஆரம்பித்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கேளம்பாக்கத்து வூடா நீ? அவ தங்கச்சியா?"

"யாரோட தங்கச்சி?"

அவர் அடுத்த காருக்கு டோக்கன் கிழித்தார். நான் நிறுத்தாமல் முழுவதையும் சொன்னேன். நோட்டு, வெள்ளிக்கிழமை, பெல்ட், கல், கடைசிப் பக்கம், சுருட்டை முடி, கடுக்கன். அடித்தது என் அண்ணன், அடிக்க வைத்தது நான் என்றேன். கையைப் பற்றிச் சொன்னபோது அவர் முகத்தில் பெரிதாக ஒன்றும் ஓடவில்லை. தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார், அவ்வளவுதான். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்போ கேளம்பாக்கத்துலருந்து வரலியா அவங்க? அவ அண்ணனுங்க அனுப்ன ஆளுங்க இல்லியா?"

"இல்லண்ணா. யாரு அவங்க? எனக்குத் தெரியவே தெரியாது."

இடது கையால் ஓங்கி அறைந்தார். அடுத்த அடிக்கு நான் முகத்தைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன். டோக்கன் கட்டு மண்ணில் விழுந்து பறந்தது. காரிலிருந்து இறங்கிய ஒரு குடும்பம் பயந்து ஒதுங்கியது. இரண்டாவது அடிக்கு ஓங்கிய கை பாதியில் நின்றது. அவர் வேலிக்கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"கைக்கு அடிக்கல" என்றார். "கை போனா போவுது. எங்க வூட்டுப் பொண்ணு கேக்குதான்னு கேட்டுகினே அடிச்சானுங்க. எனுக்குத் தெரிஞ்சது கேளம்பாக்கத்துப் பொண்ணு ஒருத்திதான், அவ பேரு வெளிய வரக்கூடாதுன்னு எந்தப் பொண்ணுண்ணான்னு கேட்டுகினே வாங்கினேன். செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்கு மூணு தபா வந்தா அவ. ரெண்டு தபா மூஞ்சியத் திருப்பிகினு படுத்துகினேன். மூணாவது தபா காலப் புடிச்சிகினு, எங்க வூட்ல யாருக்கும் நம்ம விசயம் தெரியவே தெரியாது, எங்க அண்ணனுங்க அடிக்கலன்னு சத்தியம் பண்ணா. பொய் சொல்றாடான்னு வார்டுல அத்தினி பேரு முன்னாடி அவ மூஞ்சில துப்பினேன். அப்பால அவ வரல."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நீ சொல்லு. அவ நெசந்தான் சொல்லிகிறாளா?"

"ஆமாண்ணா" என்றேன். "நிஜம்தான் சொல்லியிருக்காங்க."